பெரிய சீறாவும் சின்னச் சீறாவும்

ஒரு நூல் மக்களின் நெஞ்சத்தில் நிலைத்துவிடுமாயின், அதனைத் தொடர்ந்து வரும் நூலின் பாடு கடினமாகிவிடுகின்றது. முன்னைய நூலைப் போற்றியவரே பின்னையதை ஐயுறவுடன் நோக்குவர். முதற் பக்கத்தைப் புரட்டும்போதே, "அதுபோல் இது இல்லை" என்னும் தீர்ப்பு அவர்தம் நாவில் வந்து நின்றுவிடும். பழையதன்பால் உள்ள பற்றே புதியதற்குத் தடையாகி விடுவது இலக்கிய உலகில் அடிக்கடி நிகழ்வதொன்றாகும். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் இந்நிலைக்கு ஏற்றதொரு சான்று, உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைத் தொடர்ந்து எழுந்த சின்னச் சீறா என்னும் நூலாகும்.

இலங்கையின் கீழ்க்கரையிலே, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து பொத்துவில் வரை செல்லும் ஊர்களில் வாழும் முஸ்லிம்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஒருபுறம் கடலும், மறுபுறம் சம்மாந்துறை வரை விரிந்து கிடக்கும் நெல்வயல்களும், இடையே மருதமுனையின் கைத்தறிகளும் அவர்தம் வாழ்வுக்கு ஆதாரமாயின. இத்தகைய ஊர்களில் முற்காலத்தில் மார்க்க அறிவு பரவிய வழிகளுள் ஒன்று பாட்டு. அறிஞர் ஒருவர் சீறாவின் செய்யுளை இசையோடு ஓத, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாத முதியோரும் பெண்டிரும் அமர்ந்து கேட்பது வழக்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத ஒருவர் கூடப் பத்துறுப் போரின் வரலாற்றை ஒழுங்காக எடுத்துரைக்க வல்லவராக இருந்தமைக்கு இக்கேள்விச் செல்வமே காரணம் எனலாம்.

சீறா என்னும் சொல், வாழ்க்கை வரலாறு என்று பொருள்படும் 'சீரத்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவமாகும். எட்டயபுரத்து அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறுப்புலவர், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளால் அவர் இக்காப்பியத்தைத் தொடங்கினார் என்றும், அவ்வள்ளலின் மறைவுக்குப் பின்னர் அபுல் காசிம் மரைக்காயர் அவரை ஆதரித்தார் என்றும் கூறுவர். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும், 92 படலங்களும், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்டது அந்நூல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பு முதற் காண்டத்திலும், நபித்துவம் பெற்றமை இரண்டாவதிலும், மக்காவை விட்டு மதீனா சென்றதும் அதன் பின்னர் நிகழ்ந்தவையும் மூன்றாவதிலும் பாடப்பெற்றுள்ளன.

ஆயினும் சீறாப்புராணம் முற்றுப்பெற்ற நூல் அன்று. இவ்வுண்மையை அந்நூலைப் போற்றுவோருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டளவில் நிகழ்ந்த உறனிக் கூட்டத்தாரைப் பற்றிய படலத்தோடு உமறுவின் பாட்டு நின்றுவிடுகின்றது. நபிகள் நாயகம் அவர்கள் அதன் பின்னரும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இவ்வுலகில் வாழ்ந்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளின் வரலாறு உமறுவின் காப்பியத்தில் இல்லை.

விடுபட்ட அப்பகுதியைப் பாடி, நபிகள் நாயகம் அவர்களின் மறைவு வரை வரலாற்றைக் கொண்டுசென்றவர் பனீ அகுமது மரைக்காயர் என்னும் புலவர். உமறுவுக்கு அடுத்த தலைமுறையில், பதினெட்டாம் நூற்றாண்டில், அவர் இப்பணியை மேற்கொண்டார். அவருடைய நூல் அளவிற் சிறியது. ஆதலின் சின்னச் சீறா என வழங்கலாயிற்று. 'சின்ன' என்னும் அடைமொழி முதலில் அளவைக் குறித்ததேயாயினும், நாளடைவில் அது மதிப்பையும் குறிப்பதாகிவிட்டது. சீறா என்றால் உமறுவின் சீறாவே என்ற எண்ணம் வேரூன்றியது. அடுத்த நூல் அறிஞர்களின் அலமாரியிலும், இலக்கிய வரலாற்றின் ஓரிரு வரிகளிலும் ஒதுங்கிற்று.

சின்னச் சீறாவின் மீது கூறப்படும் குறைகள் பொய்யானவை என்று வாதிட வேண்டியதில்லை. காப்பிய வளத்தில் அது உமறுவின் நூலை எட்டவில்லை என்பதே புலவருலகின் பொதுவான கருத்து. உமறுவின் ஓசைப் பெருக்கும், வருணனைச் செழிப்பும், உவமைகளின் புதுமையும் எளிதில் எவருக்கும் வாய்ப்பன அல்ல. கம்பனைப் பயின்று, அவனுடைய விருத்த நடையைத் தன்வயமாக்கிக்கொண்டு, அதே நேரத்தில் அரபு நாட்டு வரலாற்றையும் கைவிடாது பாடிய ஒருவருக்குப் பின்னால் நின்று பாடுவது என்பது, பெருவிளக்கின் அருகே சிறுவிளக்கை ஏற்றுவதை ஒக்கும். சிறுவிளக்கும் ஒளிதருவதே, ஆயினும் கண் அதனைக் காண்பதில்லை.

தொடர்ச்சி நூலைப் பாடுவோருக்கு வேறோர் இடரும் உண்டு. முதல் நூலைப் பாடியவர், கதையின் தோற்றுவாயைத் தாமே அமைத்துக்கொள்கிறார். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று விரிவாகத் தொடங்கிக் கேட்போரை மெல்ல மெல்ல உள்ளே அழைத்துச் செல்கிறார். குழந்தைப் பருவம், இளமை, திருமணம் ஆகிய இனிய பகுதிகள் அவர் பங்குக்கு வருகின்றன. தொடர்ந்து பாடுபவரோ கதையின் நடுவில் வந்து நிற்கிறார். அவர் கையில் எஞ்சியிருப்பவை உடன்படிக்கைகள், தூதுகள், பல நாட்டரசர்க்கு விடுத்த மடல்கள், படைச் செலவுகள், பல குலத்தார் வந்து சேர்தல் முதலியனவாகும். இவை வரலாற்றுக்கு இன்றியமையாதவை; வருணனைக்கு இடமளிப்பதில் சுருங்கியவை. ஆதலின் இரு நூல்களையும் ஒரே தராசில் நிறுக்கும்போது, இருவர் கைக்கும் கிடைத்த பொருள் ஒன்றன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழில் இவ்வாறு தொடர்ந்து பாடப்பெற்ற நூல்கள் பல உள. கம்பராமாயணம் ஆறு காண்டங்களோடு நிற்க, ஏழாவதான உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது மரபு. கம்பனைப் படிப்போருள் நூற்றில் ஒருவரேனும் உத்தர காண்டத்தைத் தொடுவரோ என்பது ஐயமே. வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு நிறுத்த, பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை என்பார் அவருடைய செய்யுட்களையும் சேர்த்துக்கொண்டு பதினெட்டுப் பருவங்களையும் முற்றுவித்தார். வில்லியின் சந்தத்திற்குத் தலையசைப்போர் பலர். நல்லாப்பிள்ளையின் உழைப்பை நினைப்போர் சிலரே. எனினும் பாரதக் கதையைச் செய்யுளில் முழுமையாகக் கேட்க விரும்பியவர்க்குக் கைகொடுத்தவர் நல்லாப்பிள்ளையே என்பது மறுக்கவொண்ணாதது.

மேனாட்டிலும் இதே நிலையைக் காணலாம். உரோமப் பெருங்கவி வர்ஜில் பாடிய 'ஈனீட்' என்னும் காப்பியம் பன்னிரண்டு காண்டங்களோடு, பகைவனைத் தலைவன் கொல்லும் காட்சியில் திடுமென முடிகின்றது. அவ்வாறு முடிவதை ஏற்க மனமில்லாத மாஃபியோ வேஜியோ என்னும் இத்தாலிய இளங்கவி, 1428ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் காண்டம் ஒன்றைப் பாடிச் சேர்த்தார். அமைதியும் திருமணமும் தலைவனின் மறைவும் அதிலே கூறப்படுகின்றன. வர்ஜிலுக்கு அவர் நிகரானவர் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் அச்சிடப்பட்ட வர்ஜில் பதிப்புகள் பலவற்றில் அப்பதின்மூன்றாம் காண்டமும் சேர்த்து அச்சிடப்பட்டது. பெருங்கவியின் அருகே சிறுகவிக்கும் ஓர் இருக்கை இட்டுக் கேட்டுப் பார்க்கும் மனம் அக்காலத்து வாசகர்க்கு இருந்தது.

சீறாப்புராணத்தின் பிறப்பு வரலாறே இப்பொருளில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றைத் தருகின்றது. வள்ளல் சீதக்காதியின் ஏற்பாட்டின்படி, நபிகள் நாயகம் அவர்களின் வரலாற்றுக்குரிய உரைகளைப் பெறுவதற்காக உமறுப்புலவர் கீழக்கரையில் வாழ்ந்த மார்க்கப் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் சென்றார் என்று செவிவழி வரலாறு கூறும். அரசவைப் புலவர்க்குரிய கோலத்தில் வந்த உமறுவைக் கண்ட அப்பெரியார், இவர் இத்திருப்பணிக்குத் தக்கவர் அல்லர் என்று கருதி, முதலில் உரைகளைத் தர இசையவில்லையாம். மனமுடைந்த உமறு கண்ணீரோடு துயில, இருவர் கனவிலும் அருட்குறிப்புத் தோன்ற, பின்னரே அப்பெரியார் மனமிரங்கினார் என்பது அவ்வரலாறு. இதனை நிகழ்ந்தவாறே ஏற்போரும் உளர். பத்தியின் விளைவாகிய கதை என்போரும் உளர். எவ்வாறு கொண்டாலும், தமிழ் முஸ்லிம் மக்கள் தம் பெருங்காப்பியத்தின் தோற்றத்தைப் பற்றி விரும்பிச் சொல்லிவந்த கதையின் உட்பொருள் ஒன்றே. தோற்றத்தைக் கண்டு முதலில் விலக்கப்பட்ட ஒருவருக்கு இரண்டாம் முறை வாயில் திறக்கப்பட்டது. அதனாலேயே சீறா பிறந்தது. அக்கதையைக் கண்கலங்கச் சொல்லும் ஒருவர், சீறாவின் வழியில் வந்த இன்னொரு நூலை வாயிலிலேயே நிறுத்திவிடுவது பொருந்துமா?

மேலும், உமறுவின் நூல் குறையற்றது என்று கருதுவதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. பாலைநிலமாகிய அரபு நாட்டைப் பாடவந்த புலவர், மழை பொழிந்து ஆறு பெருகி வயல்களிற் பாய்வதையும், உழவர் நாற்று நடுவதையும் நாட்டுப் படலத்திலே பாடிவைத்தார். மக்காவின் மண்ணில் நெல் விளையுமா என்று வினவியவர் உண்டு. இன்றோ, அதே பகுதியைப் படிக்கும் அறிஞர், தமிழ் மண்ணின் மணத்தை அரபு வரலாற்றில் கலந்த நயம் எனப் பாராட்டுகின்றனர். கல்முனை வயல்வெளியின் உழவர் ஒருவருக்கு அப்படலம் தம் ஊரையே நினைவூட்டும். ஒரு காலத்தில் குறை எனப்பட்டது மற்றொரு காலத்தில் குணமாயிற்று. அம்மாற்றம் நிகழ்வதற்குத் தலைமுறைகள் பல அந்நூலைக் கைவிடாது ஓதிவர வேண்டியிருந்தது.

அந்நூலுக்குக் கிடைத்த துணைகளையும் எண்ணுதல் வேண்டும். ஏட்டிற் கிடந்த சீறாப்புராணத்தைத் தேடித் தொகுத்து 1842ஆம் ஆண்டில் அச்சிற் பதிப்பித்தவர், செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர். அவரே புதூகுஷ்ஷாம் முதலிய காப்பியங்களை இயற்றிய பெரும்புலவர். கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு உரை கண்டார். இலங்கையின் பேராசிரியர் ம. மு. உவைஸ் அதனை ஆராய்ந்து பல்கலைக்கழகத்தின் பாடப்பொருளாக்க உழைத்தார். ஓதுவோர், பயன் சொல்வோர், பதிப்போர், உரையெழுதுவோர், ஆராய்வோர் எனப் பலர் தோள்கொடுத்தமையால் உமறுவின் பாட்டு மக்களிடம் வந்து சேர்ந்தது. உரையின் துணையின்றி உமறுவின் செய்யுளைப் படித்துச் சுவைக்க வல்லவர் இக்காலத்தில் மிகச் சிலரே. சின்னச் சீறாவுக்கு இத்துணைப் பேருடைய துணை வாய்க்கவில்லை. உரையும் ஓசையும் பெற்ற நூலை, அவை பெறாத நூலோடு ஒப்பிட்டுவிட்டு, பின்னையது சுவையற்றது என்று கூறுவது நடுநிலை ஆகாது.

இனி, இவ்வொதுக்கலால் நேரும் இழப்பு யாது என்பதைக் கருதலாம். அது வெறும் இலக்கிய இழப்பு மட்டும் அன்று. சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் போர்ச் செய்திகள் மிகுதி. பத்துறு, உகுது, அகழிப் போர் ஆகியவை கேட்போரின் குருதியைச் சூடேற்றுமாறு பாடப்பெற்றுள்ளன. அவற்றோடு பாட்டு நின்றுவிடுகின்றது. ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. அடுத்து வருவது 628ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கை. தம் தோழர் பலர் மனம் ஒப்பாத நிலையிலும், பகைவரோடு அமைதி பேசி, அவ்வாண்டு மக்காவுக்குட் செல்லாமலே நபிகள் நாயகம் அவர்கள் திரும்பிய நிகழ்ச்சி அது. அதற்கடுத்து 630ஆம் ஆண்டில், தம்மை ஊரைவிட்டே துரத்திய மக்கா நகரத்துள் வெற்றியோடு புகுந்தபோது, பழிவாங்கும் ஆற்றல் முழுவதும் கையிலிருந்தும் அந்நகரத்தாருக்குப் பொது மன்னிப்பு வழங்கியது நிகழ்கின்றது. 632ஆம் ஆண்டில் அறபாப் பெருவெளியில் நிகழ்ந்த இறுதிப் பேருரையும் அதன் பின்னரே வருவது. உயிரும் உடைமையும் மீறலாகாதவை என்றும், பழைய குலப்பகைகளும் வட்டியும் இனி இல்லை என்றும், மனைவியரின் உரிமைகளைப் பேணுமாறும் அவ்வுரை அறிவுறுத்திற்று.

ஆக, உமறுவின் சீறாவை மட்டும் ஓதி நிறுத்தும் ஊரில், பாட்டின் வழியே வரலாறு கேட்ட ஒருவர் போரின் ஒலியோடு எழுந்து வீடு செல்கிறார். உடன்படிக்கையும் மன்னிப்பும் விடைபெறலும் அவர் செவிக்குச் செய்யுளாக எட்டுவதில்லை. அவற்றை அவர் உரைநடை நூலிலோ மிம்பர் மேடையிலோ கேட்டறிந்திருக்கலாம். ஆயினும் நெஞ்சில் ஊறிய பாட்டு ஒரு வகையாகவும், அறிவிற் பதிந்த செய்தி வேறு வகையாகவும் நின்றுவிடுகின்றன. அழகிற் குறைந்ததெனினும், வரலாற்றை அதன் முடிவு வரை கொண்டுசேர்க்கும் பாட்டு ஒன்று இருக்கையில், அதனைத் தீண்டாதிருப்பது யாருக்கு நன்மை?

முன்னையதன்மேல் உள்ள காதலால் பின்னையதை வெறுக்கும் இப்பண்பு பழைய நூல்களைப் படிப்போரிடம் மட்டும் காணப்படுவது அன்று. கணினித் திரையில் ஆடும் வீடியோ விளையாட்டுகளிலே பொழுதுபோக்கும் இன்றைய இளைஞரிடமும் அது உண்டு. ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1986ஆம் ஆண்டில் 'செல்டா' என்னும் விளையாட்டுத் தொடரைத் தொடங்கிற்று. இளவீரன் ஒருவனின் வீரச்செயல்களைக் கூறும் அத்தொடருக்கு உலகெங்கும் பற்றாளர் பெருகினர். 2001ஆம் ஆண்டில் அதன் புதிய பகுதியின் காட்சிகள் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, சிறுவர் கேலிச்சித்திரம் போன்ற அதன் ஓவிய முறையைக் கண்டு அப்பற்றாளருட் பலர் எள்ளி நகைத்தனர். 'விண்ட் வேக்கர்' என்னும் பெயரோடு 2002ஆம் ஆண்டின் இறுதியில் அது ஜப்பானில் வெளிவந்தது. குறை இல்லாமலில்லை. தீவுக்குத் தீவு ஓடத்திற் செல்லும் பயணம் நீண்டு சலிப்பூட்டியது. இறுதிப் பகுதியிற் புதையல் துண்டுகளைத் தேடும் வேலை அலுப்புத் தந்தது. எனினும் பொறுமையோடு ஆடிப் பார்த்தவர், காற்றும் கடலும் கலந்த அதன் அழகில் ஈடுபட்டனர். 2013ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பித்து வெளியிட்டபோது, ஓடத்தின் வேகம் கூடுவதற்கு வழி செய்யப்பட்டது. அலுப்பூட்டிய தேடலும் சுருக்கப்பட்டது. ஏளனம் செய்யப்பட்ட அவ்வோவிய முறையோ இன்று அத்தொடரின் சிறப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

திருநபி வரலாற்றுக் காப்பியத்தையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் ஒரே நிரையில் வைத்தல் முறையன்று. பொருளால் அவை மலையும் மடுவும் போல்வன. ஆயினும் மனித மனம் இரண்டிடத்தும் ஒன்றேயாதலின், அம்மனத்தின் போக்கை விளக்க அவ்வெடுத்துக்காட்டு உதவும். அங்கே குறைகள் நீங்கியதற்குக் காரணம், அதனை ஆடிப் பார்த்தவர்கள் இன்னது நன்று, இன்னது நன்றன்று எனப் பிரித்துச் சொன்னமையே. ஆடிப் பாராது நகைத்தவரால் எப்பகுதியும் திருந்தவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். மனிதனின் வாழ்நாள் குறுகியது. உயர்ந்த நூல்களைப் படித்து முடிக்கவே அது போதாது. அவ்வாறிருக்க இரண்டாந்தர நூலுக்கு நேரம் செலவிடுவானேன்? அன்றியும், குறையுள்ள நூலைக் கருணையாற் பாராட்டத் தொடங்கினால் சுவையுணர்வு மழுங்கிவிடாதா? இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கது அன்று. தகுதியற்றதைத் தகுதியுடையது என்று சொல்வது தமிழுக்கும் தீங்கு. அந்நூலை ஆக்கியவனுக்கும் தீங்கு. ஆனால் வாய்ப்பளித்தல் வேறு, புகழ்மாலை சூட்டுதல் வேறு. வழக்கு மன்றத்தில் ஒருவரின் சொல்லைக் கேட்பதனாலேயே அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிவிடாது. கேட்ட பின்னர் தீர்ப்பு எவ்வாறும் அமையலாம். கேளாமலே தீர்ப்பு வழங்குவதுதான் நீதிக்குப் பிழை.

அம்பாறை மாவட்டத்து உழவர் இக்கருத்தை நன்கு அறிவர். அவர்தம் ஆண்டுக் கணக்கில் பெரும்போகம் உண்டு, சிறுபோகமும் உண்டு. மாரி மழையின் துணையோடு விளையும் பெரும்போகத்தின் செழிப்பைச் சிறுபோகத்தில் எதிர்பார்க்க முடியாது. குளத்து நீரை அளந்து பாய்ச்ச வேண்டும். விதைக்கும் பரப்பும் குறையலாம். ஆயினும் நீர் கிடைக்குமாயின், பெரும்போகம் போல் விளையாது என்பதற்காக எந்த உழவரும் வயலைத் தரிசாக விடுவதில்லை. இரண்டு போகங்களின் நெல்லும் சேர்ந்தே அவர் வீட்டின் ஆண்டுச் சோறு ஆகின்றது. சிறுபோகத்தின் விளைவைச் சிறுபோகத்தின் நீரையும் நிலத்தையும் கொண்டே அவர் மதிப்பிடுகிறார்.

அவ்வாறே குறையுள்ள புதுவரவை அணுகுவதற்கும் முறை உண்டு. முதலாவதாக, அதனை ஒரு பகுதியேனும் முழுமையாகக் கேட்டல் வேண்டும்; முதல் நான்கு செய்யுட்களை மட்டும் பார்த்து மூடிவிடலாகாது. இரண்டாவதாக, அது செய்ய முற்பட்டது யாது என வினவி, அதனைச் செய்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். சின்னச் சீறா செய்ய முற்பட்டது திருநபி வரலாற்றை முற்றுவித்தலாகும், உமறுவை வெல்வதன்று. மூன்றாவதாக, செய்யுள் செவிக்குரியது ஆதலின், நன்கு ஓத வல்லவர் ஒருவரின் குரலில் அது ஒலிக்க வேண்டும். தட்டுத் தடுமாறிப் படித்தால் உமறுவின் செய்யுளும் சுவைக்காது. நான்காவதாக, குறை கண்டவிடத்து அதனை மறைக்காது சொல்லுதல் வேண்டும். இன்ன படலம் தொய்வுடையது, இன்ன இடத்தில் சொல் வறுமை உண்டு என்று சுட்டுவது நூலை அவமதிப்பதன்று. அதனைப் படித்துள்ளமைக்கு அதுவே சான்று.

இம்மனப்பான்மை பழைய நூல் ஒன்றைப் பற்றியதாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. கல்முனைப் பகுதி புலவர்களையும் எழுத்தாளர்களையும் ஈன்ற பகுதி. மருதமுனையிலே புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் மரபுத் தமிழை வளர்த்தார். 1966ஆம் ஆண்டில் அவ்வூரிலே இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு ஒன்று கூடி, அறிஞர் பலரை ஒன்றுசேர்த்தது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் எம். ஏ. நுஃமான் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்னும் இதழை வெளியிட்டுப் புதிய குரல்களுக்கு இடமளித்தார். புலவர்மணியின் மைந்தர் ஜின்னாஹ் ஷரிபுத்தீன், காப்பியம் பாடுவார் அருகிவிட்ட இக்காலத்திலே, மஹ்ஜபீன் காவியம், திருநபி காவியம் முதலிய காப்பியங்களை இயற்றினார். உமறு தொடங்கிய வரிசை கீழ்க்கரையில் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதற்கு அவை சான்று.

அவ்வரிசையில் இனி வரவிருப்போரின் நிலை யாது? மருதமுனைத் தறியருகே அமர்ந்து ஓய்வு நேரத்தில் விருத்தம் கட்டிப் பார்க்கும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் எழுதியதைக் கேட்பவர், முதலடி முடியுமுன்னே, "உமறு போல் வருமா?" என்று சொல்லிவிட்டால், இரண்டாவது பாட்டு எழுதப்படாமலே போகும். உமறு போல் வாராது என்பதை அவ்விளைஞரும் அறிவார். அவர் வேண்டுவது உமறுவின் ஆசனத்தை அன்று. கேட்கும் செவி ஒன்றையே. தறியில் முதன்முதல் நெய்யப்படும் சேலையில் இழை தப்புதல் இயல்பு. எங்கே தப்பியது என்று மூத்த நெசவாளி விரல்வைத்துக் காட்டுவார். பாவையே அறுத்தெறிய மாட்டார். ஒரு மொழியின் இலக்கியமும் அவ்வாறே தொடர்கின்றது. சிகரத்தை மட்டும் ஏற்று, சரிவுகளையெல்லாம் வெறுக்கும் சமுதாயத்துக்கு மலை இராது. சிகரமும் நாளடைவில் கண்காட்சிப் பொருளாகி, ஓதுவோர் இன்றி ஒடுங்கிவிடும். சீறாவை ஓதும் குரல்கள் இன்று எத்தனை வீடுகளில் எஞ்சியுள்ளன என்று எண்ணினால் இவ்வச்சம் மிகையன்று என்பது விளங்கும்.

ஆதலின் செய்யத்தக்கது எளியது. கீழ்க்கரை ஊர்களிலே ரபீஉல் அவ்வல் மாதத்து இரவுகளில் திருநபி வரலாறு நினைவுகூரப்படுகின்றது. அவ்விரவுகளுள் ஒன்றிலேனும், உமறுவின் பாட்டு நின்ற இடத்திலிருந்து பனீ அகுமது மரைக்காயரின் பாட்டைத் தொடர்ந்து ஓதிப் பார்க்கலாம். ஓலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்கள் ஓரிரு படலங்களுக்கேனும் எளிய உரை வரையலாம். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் இரு சீறாக்களிலிருந்தும் பத்துச் செய்யுட்களை எடுத்து, எது எவருடையது என்று கூறாமலே மாணவர் முன் வைத்து, அவர்தம் கருத்தைக் கேட்கலாம். பெயரின் நிழல் விழாதபோது செவி எதனை விரும்புகின்றது என்பது அப்போது தெரியவரும்.

அத்தேர்வில் உமறுவே வெல்லக்கூடும். அவ்வாறாயின் அதனால் எவருக்கும் இழப்பில்லை. அறியாமற் போற்றிய உமறுவை அன்று முதல் அறிந்து போற்றுவர். சின்னச் சீறாவின் செய்யுட்களுள் இரண்டு மூன்றேனும் எவருடைய நெஞ்சிலாயினும் தங்கிவிடுமாயின், அதுவும் பயனே. மக்கா நகரத்தார் மன்னிக்கப்பட்ட செய்தியைப் பாட்டாகக் கேட்ட ஒரு சிறுவன், அதனை முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்புவானாயின், பல தலைமுறைகளுக்கு முன் அப்பாட்டை எழுதியவரின் உழைப்புக்கு அது போதிய கைம்மாறாகும்.